அக்கா சொல்லாத வாக்கியம்

வேலை இல்லாத செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். மூன்றாம் மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு போஸ்டரின் வலது மேல் மூலை. ஒட்டிய டேப் விட்டுப்போய், ஹீட்டரில் இருந்து வந்த காற்றில் அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கிட்டப் போய் அந்த மூலையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தேன். பிடித்தபடியேதான் மீதியைப் படித்தேன்.

கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. ஒரேயொரு ஆங்கில வாக்கியம், உள்ளங்கை அளவு எழுத்துகளில். தமிழில் அது இப்படி வரும்: 'என் பயத்தை அமெரிக்காவிலேயே இறக்கிவைத்துவிட்டு, வெறுங்கையோடு நடந்தேன்.' கீழே சின்ன எழுத்தில், நியூயோர்க் மாநிலத்தில் இருந்து கியூபெக்குக்கு நடந்து வந்த ஓர் இலங்கைத் தமிழ்ப் பெண் என்று இருந்தது. அதற்கும் கீழே, வாய்மொழியைப் பதிவு செய்தவர் என்று என் பெயர். வரலாற்றுத் துறையின் கல்வியாண்டு இறுதி நிகழ்வுக்கான அறிவிப்பு. வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி, அனைவரும் வரலாம்.

அந்தப் பெண் மொன்ட்ரியாலின் வில்லரேயில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கும் அக்கா. அந்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. நான் எழுதினேன்.

விரலை எடுத்தேன். மூலை மறுபடியும் தொங்கியது.

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது முப்பத்தொன்பதாவது வயதில். அதற்கு முன்பு யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஏழு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். உள்ளூர்ச் செய்தியோடு வெளிநாட்டுப் பக்கமும் என் பொறுப்பு. வாரத்தில் ஆறு நாள் அமெரிக்காவைப் பற்றி எழுதினேன். தேர்தல், சூறாவளி, துப்பாக்கிச் சூடு. அந்த நாட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதை வாசகர்கள் கண்டுபிடிக்கவில்லை. மொன்ட்ரியாலுக்கு வந்த பிறகு புவாண்ட்-கிளேரில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டி அடுக்கும் வேலை. விடியற்காலை ஷிஃப்ட் என்பதால் பின்னேரங்கள் சும்மா கிடந்தன.

வரலாற்றை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுப்பவர்கள் ஏதாவது ஒரு நாட்டை அல்லது காலத்தை ஒட்டிப் பெரும்பாலான பாடங்களைத் தெரிவு செய்யலாம். நான் அமெரிக்காவைத் தெரிவு செய்தேன். யாராவது காரணம் கேட்டால், வெளிநாட்டுப் பக்கம் எழுதிய காலத்தின் கடனைத் தீர்க்கிறேன் என்பது மாதிரி ஒரு பதில் வைத்திருந்தேன். உண்மையான காரணம், அமெரிக்க வரலாற்று வகுப்புகள்தான் என் ஷிஃப்டுக்குப் பொருந்தி வந்தன. இந்த விஷயத்திலும் நான் மேற்கோளைத் திருத்தித்தான் சொல்லிவந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

வேர்ஹவுஸில் என்னோடு வேலை செய்த ஒருவருக்கு இது ஓயாத பகிடி.

"அண்ணை, இருக்கிறது கியூபெக்கில. படிக்கிறது இங்கிலீசில. சரித்திரம் அமெரிக்கன்ர. பேந்து வேலை எங்கை, யாழ்ப்பாணத்திலயோ?"

"வேலைக்கில்லை, அறிவுக்கு."

"அப்ப அந்தப் பெட்டியை அறிவாத் தூக்குங்கோ, முதுகு பிடிக்கப்போகுது."

எனக்கு அந்தப் பகிடி பிடித்திருந்தது. வகுப்பில் இருபது வயதுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பதும் பிடித்திருந்தது. பேராசிரியர் என்னைப் பார்த்து, 'நீங்கள் செய்தித்துறையில் இருந்தவர், நீங்கள் சொல்லுங்கள்' என்று கேட்பது எல்லாவற்றையும்விடப் பிடித்திருந்தது.

கடைசி வருடத்தில் அவருடைய கருத்தரங்கு வகுப்பு. பன்னிரண்டு பேர், நீள மேசை. எழுதத் தெரியாதவர்கள் அல்லது எழுத விடப்படாதவர்கள் சொன்னவற்றை வைத்து அமெரிக்க வரலாற்றை எப்படி எழுதுவது என்பதுதான் பாடம். முதல் பருவம் முழுவதும், முன்பு அடிமைகளாக இருந்தவர்களின் வாய்மொழிகளைப் படித்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அமெரிக்க அரசு சம்பளம் கொடுத்து ஆட்களை அனுப்பி, அந்த முதியவர்களிடம் கேட்டு எழுதுவித்தது. சிலருடைய பேச்சுக்கு இரண்டு தட்டச்சுப் பிரதிகள் இருக்கின்றன. முதியவரின் வீட்டுக்குப் போய்க் கேட்டவர் எழுதியது ஒன்று, அலுவலக மேசையில் இருந்தவர் திருத்தியது மற்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. முதல் பிரதியில் அடி வாங்கியதைச் சொல்லும் பந்தி இருக்கும். இரண்டாவதில் அந்தப் பந்தி இருக்காது.

டிசம்பரில் அதைப் பற்றி நான் பதினைந்து பக்கம் எழுதினேன். கடுமையாக எழுதினேன். மேசையில் இருந்தவர் ஒரு கிழவரிடம் எஞ்சியிருந்த ஒரே சொத்தையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு நல்ல சட்டை போட்டு அனுப்பினார் என்று ஒரு வரி. பேராசிரியர் அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். என் மூன்று வருடப் படிப்பில் வாங்கிய ஆகக் கூடிய புள்ளி அந்தக் கட்டுரைக்குத்தான்.

இரண்டாம் பருவத்தில் நாங்களே ஒருவரைப் பதிவு செய்து எழுதவேண்டும். நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவுக்குள் வந்து அங்கே தங்காமல் எல்லை கடந்து போன அகதிகளை. அமெரிக்க வரலாற்றில் அவர்கள் வெறும் வழிப்போக்கர்களாகவே வருகிறார்கள், அதைத்தான் எழுதப்போகிறேன் என்று சொன்னேன். பேராசிரியர் தலையாட்டினார். ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. மேல்மாடியில் அக்கா இருந்தார்.

அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகள் போனபின் துப்புரவு வேலை. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது, புவாண்ட்-கிளேரில் ஓர் அலுவலகத்தில் வேலை, தனியாக இருக்கிறார். கணவர் முதலில் வந்து சேர்ந்ததும், பின்னர் அக்கா நாலு வயது மகளோடு நியூயோர்க்கில் இருந்து பஸ் பிடித்து வடக்கே வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய குசினியில் பதிவு செய்தேன். என் தொலைபேசியை மாத்திரைப் பெட்டியில் சாத்தி வைத்தேன். அவர் லீக்ஸ் வெட்டிக்கொண்டே பேசினார். கத்தி பலகையில் படும் சத்தம் பதிவு முழுக்க இருக்கிறது.

இருபத்துமூன்றாவது நிமிடத்தில் நான் கேட்கிறேன்: "எல்லையைக் கடக்கேக்க என்ன நினைச்சியள் அக்கா?"

"என்னத்தைத் தம்பி நினைக்கிறது? பிள்ளைக்கு மூத்திரம் முட்டிப்போச்சு." கத்தி நிற்கிறது. "பஸ்ஸால இறங்கிப் பிடிச்ச டாக்சிக்காரன் வழியில நிப்பாட்ட மாட்டன் எண்டிட்டான். எல்லைக்குக் கொஞ்சம் முன்னாலை இறக்கிவிட்டிட்டுப் போட்டான். ஒரே பனி. ஒதுங்க ஒரு பத்தை கூட இல்லை. ஒரு கையில பிள்ளை, மற்றக் கையில ரெண்டு பை. அடக்கிக்கொண்டு வா அம்மா, அடுத்த நாட்டில போகலாம் எண்டு சொன்னன். நாலு வயசுக்கு என்ன நாடு? கொஞ்சத் தூரம் நடக்கேல்லை, சூடாப் போயிட்டுது. என்ர கையெல்லாம் நனைஞ்சுது. அந்தக் குளிருக்கை எனக்கு அது நல்லா இருந்தது எண்டால் நம்புவீரோ?"

இங்கே அக்கா சிரிக்கிறார். நீளமான சிரிப்பு.

"உள்ளுக்கை போனால் ஒரு பொம்பிளை ஒபிசர். என்னவோ கேட்டாள். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில கனடாவிட்ட நான் முதல் கேட்டது, டொய்லெட் எங்கை எண்டு. முடிஞ்சாப் பிறகு கேட்டனான்!"

பதிவில் நானும் சிரிக்கிறேன். பிறகு, "சரி அக்கா, அதை விடுவம். பயம் இருக்கேல்லையோ?" என்கிறேன். "இருந்திருக்கும்," என்கிறார் அவர். கத்தி மறுபடியும் தொடங்குகிறது.

எங்கள் பத்திரிகையில் அச்சான எவரும் பேச்சுத்தமிழில் பேசியதில்லை. மீன்வியாபாரி, அமைச்சர், பிள்ளையைப் பறிகொடுத்த தாய், எல்லோரும் ஒரே தமிழில் பேசினார்கள். அது என் தமிழ். செத்த வீட்டில் இருந்து நிருபர் தொலைபேசியில் அழைப்பார். "அண்ணை, மனிசி அழுதுகொண்டே இருக்குது. ஒண்டும் சொல்லேல்லை." நான் சொல்வேன், "நீ வை, நான் பாக்கிறன்." அடுத்த நாள் பத்திரிகையில் வரும்: 'எனது மகன் எவருக்கும் தீங்கிழைக்காதவன் எனத் தாயார் கண்ணீர் மல்கத் தெரிவித்தார்.' இதை நாங்கள் பொய் என்று நினைக்கவில்லை. செப்பனிடுதல் என்றோம். ஒருமுறை அப்படியொரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். முறைப்பாடு சொல்லத்தான் வருகிறார் என்று கதிரையை விட்டு எழுந்தேன். அவர் இன்னொரு பிரதி கேட்டு வந்திருந்தார். உறவினர்களுக்குக் காட்ட.

மார்ச்சில் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது இருபத்துமூன்றாவது நிமிடத்தை மூன்று முறை கேட்டேன். மூத்திரம் பத்திரிகையில் வராது. பல்கலைக்கழகக் கட்டுரையில் வரலாமா என்று யோசித்தேன். யோசிக்கும்போதே கை அதைத் தாண்டிப் போய்விட்டது. பயம் இருந்திருக்கும் என்று அவர் சொன்னாரே, அதை வைத்துக்கொண்டேன். மிச்சத்தை விட்டேன். ஒரு வாக்கியம் வந்தது. ஆங்கிலத்தில் வந்ததால் அதில் மேற்கோள் குறி போடுவது இன்னும் சுலபமாக இருந்தது. வெறுங்கையோடு நடந்தேன் என்று முடித்தேன். அந்தக் கைகளில் பிள்ளையும் இரண்டு பையும் இருந்தன என்று பதிவு சொல்கிறது. அது என் காதுக்கு எட்டவில்லை.

கட்டுரையைப் பேராசிரியரிடம் கொடுத்தபோது பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

போஸ்டர் ஒட்டிய செவ்வாய்க்கிழமை, என் வகுப்பில் படிக்கும் சென்னை மாணவி ஒருவர் அந்தப் போஸ்டரின் முன்னாலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, அந்த லைன் செம்ம. எங்க அம்மாக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்."

"நன்றி."

"எனக்கு ஒரு டவுட்டு. நான் பேட்டி எடுத்த தாத்தா ஒரு மணி நேரம் 'ம்ம், ஆமா, ஞாபகம் இல்லைம்மா'ன்னே ஓட்டிட்டாரு. உங்க ஆளு மட்டும் எப்படி அண்ணா இப்படிப் பேசுறாங்க?"

"அவா கொஞ்சம் அப்பிடித்தான்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போனார். நான் வாசிகசாலைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சந்தேகப்பட்டாரா, வெறுமனே கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்கும் துணிவு வரவில்லை.

அன்று பின்னேரம் அக்காவின் மகள் தொலைபேசியில் அழைத்தார். அவர் தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பார்.

"அங்கிள், போஸ்டர் பார்த்தன். ஒரு ஃப்ரெண்ட் போட்டோ அனுப்பினவள். அது அம்மாவோ?"

"ஓம்."

"அம்மா அப்பிடிச் சொன்னவாவோ?"

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல்.

"ஓம்," என்றேன்.

அவர் சொன்னார், "அம்மா எனக்கு அந்த நாளைப் பற்றி ஒண்டும் சொன்னதே இல்லை, அங்கிள். எத்தினை தரம் கேட்டிருப்பன். 'நடந்து வந்தம்', அவ்வளவுதான். அம்மாக்கு அறுபதாவது பேர்த்டே வருது. நான் அதைப் பிரேம் போட்டுக் குடுக்கப்போறன். தேங்க்ஸ் அங்கிள். ரியலி."

நிகழ்வுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. பேராசிரியருக்கு மின்னஞ்சல் ஒன்று எழுதினால் போதும். எழுதினேன். முதல் வரியை ஐந்து விதமாகச் செப்பனிட்டேன். அனுப்பவில்லை.

வியாழக்கிழமை அக்கா பச்சைச் சேலை கட்டி, மேலே பனிக்கோட் போட்டு வந்தார். மெட்ரோவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, நான் என்ன கதைக்கிறது? எனக்கு இங்கிலீசு வராது, அவையளுக்குத் தமிழ் தெரியாது," என்றார்.

"நான் மொழிபெயர்க்கிறன் அக்கா. நீங்கள் சும்மா இருங்கோ."

"சும்மா இருக்கிறதுக்கு ஏன் சீலை கட்டினனான்?"

அறையில் ஏறக்குறைய முப்பது பேர். பின்மேசையில் சீஸ், திராட்சை, காகிதக் குவளைகள். மகள் வேலையில் இருந்து நேரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, தொலைபேசியை வீடியோவுக்குத் தயாராகப் பிடித்திருந்தார். சென்னை மாணவி மூன்றாவது வரிசையில். மற்ற மாணவர்கள் வாசித்து முடிந்ததும் பேராசிரியர் என்னையும் அக்காவையும் அழைத்தார். போஸ்டர் வாக்கியத்தை ஆங்கிலத்தில் வாசித்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு, அதை அவருடைய சொந்த மொழியில், அவர் சொன்னபடியே ஒருமுறை கேட்க எல்லோரும் விரும்புகிறோம் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் கேட்க வேண்டும்.

"அக்கா," என்றேன், "எல்லை கடந்ததைப் பற்றி ஏதாவது சொல்லட்டாம்."

"எதை? அண்டைக்குக் குசினியில சொன்னதையோ?"

"ஓம்."

"இதுக்குள்ளயோ? உவ்வளவு பெரிய ஆக்களுக்கோ?" என்று கேட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அவர் சொன்னார். டாக்சிக்காரனில் இருந்து தொடங்கினார். பனி, இரண்டு பை, அடுத்த நாட்டில போகலாம். கையை நீட்டி எங்கே நனைந்தது என்று முழங்கை வரைக்கும் காட்டினார். நல்லா இருந்தது எண்டால் நம்புவியளோ என்று அறையைப் பார்த்துக் கேட்டார். டொய்லெட் என்ற சொல் மட்டும் எல்லோருக்கும் விளங்கியது. சிலர் சிரிக்கலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவே சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். என் முறை.

நான் ஒலிவாங்கியின் பக்கம் குனிந்து, போஸ்டரில் இருந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் அப்படியே சொன்னேன்.

இரண்டு நிமிடப் பேச்சு. ஒரு வாக்கியம். யாருக்கும் அந்தக் கணக்கு இடறவில்லை. கை தட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தார். அக்கா எல்லோருக்கும் கும்பிட்டார். சென்னை மாணவி குனிந்து தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் மகளின் தொலைபேசி மடிக்கு இறங்கியிருந்தது. அவர் கை தட்டவில்லை. தமிழைத் தேடித் தேடிப் பேசுகிறவருக்கும் அம்மா சொல்வது முழுவதும் விளங்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். மறக்கவில்லை. அவருக்கு விளங்காது என்று நம்பிக்கொண்டேன்.

மெட்ரோ வாசலில் அக்கா டிக்கெட் இயந்திரத்தில் தன் அட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மகள் என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

"அங்கிள், அம்மா அப்பிடிச் சொல்லேல்லை."

"இல்லை."

"முந்தியும் சொல்லேல்லை."

"இல்லை. நான் எழுதினது."

அவர் தலையாட்டினார். "எனக்கு ஒரு ஞாபகம் இருக்கு. எனக்கு அது மட்டும்தான் ஞாபகம். நனைஞ்ச பான்ட்ஸ். ஒரு பிளாஸ்டிக் கதிரை. அம்மா ஒண்டும் கதைக்கேல்லை. நான் எல்லாத்தையும் பழுதாக்கிப்போட்டன், அதாலதான் அம்மா அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். இவ்வளவு நாளும்." அவர் அம்மாவின் முதுகைப் பார்த்தபடி பேசினார். "அது நல்லா இருந்ததெண்டு சொல்லுறா, அங்கிள். அதை ஏன் எடுத்தனீங்கள்?"

ஏழு வருடம் பத்திரிகையில் இருந்தவனிடம் அதற்கு ஒரு பதில் இருக்கவேண்டும். அழுக்கு என்று எடுத்தேன், அக்காவின் மரியாதைக்காக எடுத்தேன். அந்த மரியாதை யாருடையது என்று அப்போதுதான் யோசித்தேன்.

"ரெக்கோர்டிங் முழுக்க எனக்கு அனுப்புங்கோ. கட் பண்ணாமல்."

அங்கேயே நின்று அனுப்பினேன். வழியில் அக்கா என்னிடம், "எல்லாரும் நல்லாக் கை தட்டினவை, என்ன தம்பி? உங்கட ஆக்களுக்குப் பகிடி விளங்கும் போல," என்றார்.

அடுத்த நாள் வேலைக்குப் போகாமல், காலை ஒன்பது மணிக்குப் பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். அவர் குறுக்கிடவில்லை. முடித்தபின் ஒரே கேள்வி கேட்டார்: "அந்த ஒன்று மட்டும்தானா?"

அதற்கு முந்தைய இரவு எண்ணியிருந்தேன். கட்டுரையில் பத்தொன்பது மேற்கோள். பதினொன்று அக்காவுடையது. எட்டு என்னுடையது. எண்ணும்வரைக்கும் ஒன்று என்றே நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"எட்டு," என்றேன்.

"டிசம்பரில் அந்தத் திருத்துநரைப் பற்றி நீங்கள் எழுதியது நினைவிருக்கிறதா? நல்ல சட்டை போட்டு அனுப்பினார் என்று." அவர் அதைக் குத்திக்காட்டச் சொன்னதாகத் தோன்றவில்லை. உண்மையாகவே நினைவிருக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டார். "அந்த வரியை இந்த வருடம் இரண்டு வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன்."

நினைவிருக்கிறது என்றேன்.

துறையின் குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்றார். அறிவித்தார். கருத்தரங்குக்குப் பூச்சியம். அடுத்த வருடம் திரும்பச் செய்யவேண்டும். பட்டம் ஒரு வருடம் பிந்தும். போஸ்டரை நானே கழற்றலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார். கழற்றும்போது மூன்று மூலைகள் நன்றாக ஒட்டியிருந்தன. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. அந்த வழியாகப் போன ஒரு மாணவன், வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா, நல்ல வரி என்றான்.

அக்காவிடம் சொல்வதுதான் கடைசியாக மிஞ்சியது. வளைந்த வெளிப்படியில் மேலே ஏறி, கதவடியில் நின்றே சொன்னேன். மகள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

"உள்ளுக்கை வாரும். குளிர் வருது." கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், "வடிவாத்தான் எழுதியிருக்கிறீர். பிள்ளை வாசிச்சுக் காட்டினவள். ஆனா வெறுங்கையோட வந்தனான் எண்டு எழுதினதுதான் எனக்குச் சரியில்லை தம்பி. அந்த ரெண்டு பையோடயும் நான் பட்ட பாடு."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"நீர் பேப்பர்காரன். பேப்பர்காரர் அப்பிடித்தானே எழுதுவினம்."

திட்டியிருக்கலாம். அவர் எனக்காகக் கண்டுபிடித்துத் தந்த சாட்டு அது. வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். பிளேன்ரீ வைக்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பல வாரம், மேல்மாடிக் கதவுச் சத்தம் கேட்டால் அவர் இறங்கிப் போகும்வரை உள்ளே நின்றேன்.

வேர்ஹவுஸில் பட்டமளிப்பு எப்போது என்று கேட்டார்கள். ஒரு பாடம் மிச்சம் என்றேன்.

"என்னண்ணை, அமெரிக்கன் இன்னும் சரித்திரத்தை முடிக்கேல்லையோ?"

சிரித்தேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. அதுவும் ஒரு செப்பனிடல்தான்.

அடுத்த குளிர்காலம் அதே நீள மேசை, புதிய பதினொரு பேர். மறுபடியும் பதிவு செய்ய அக்காவைக் கேட்டேன். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ஒருக்காச் சொன்னதுதானே தம்பி," என்றார். பிறகு, நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தோ என்னவோ, "இப்ப மகள் ஞாயிற்றுக்கிழமையில வந்து எடுக்கிறாள். உம்மை மாதிரித்தான் ஃபோனை வைக்கிறாள். ஆனா அவள் குறுக்கை கதைக்கிறேல்லை," என்றார்.

நான் பல்கலைக்கழக வாசலில் காப்பிக்கடை நடத்தும் ஒரு ஹெய்ட்டி நாட்டுக்காரரைப் பதிவு செய்தேன். அவரும் அமெரிக்கா வழியாக வந்தவர். இப்போது மொன்ட்ரியால்-நோரில் இருக்கிறார். அவர் சொன்னதை இருமல், மௌனம், திரும்பச் சொன்னது எல்லாவற்றோடும் எழுதிக்கொடுத்தேன். வாசிப்பதற்குக் கரடுமுரடாக இருந்தது. நடுத்தரமான புள்ளி கிடைத்தது. மேஜர் முடிந்தது.

மகள் தன் பதிவின் ஒரு பிரதியைத் துறையின் சேமிப்புக்குக் கொடுத்திருக்கிறார். பட்டியலில் அக்காவின் பெயருக்கு எதிரே இப்போது இரண்டு ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. நான் எடுத்தது நாற்பத்தொரு நிமிடம். மகள் எடுத்தது ஆறு மணித்தியாலம் பத்து நிமிடம்.